ஊற வைப்பதும் காத்திருக்கச் சொல்வதும்

மரக்காணத்தில் இரும்பு நிலைக்காது. உப்பளக் காற்று படுகிற சைக்கிள், கதவுக் கீல், மண்வெட்டி எல்லாம் சீக்கிரமே செத்துப் போகும். உப்புத் தண்ணியைப் பாத்திக்கு இறைக்கிற டீசல் இன்ஜினை மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் போட்டு வைத்தால், தை மாசம் ஹேண்டிலைப் போட்டுச் சுத்தும்போது அசையாது. ‘இன்ஜின் பிடிச்சிக்கிச்சு’ என்பார்கள். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில், மயிர் நுழையாத இடத்தில், துரு பூத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு இந்தப் பக்கம் பண்ணை வீடுகளும் வந்தன. அந்தக் கொட்டகைகளில் ஒன்றிரண்டில் பழைய அம்பாசிடர் நிற்கும். அந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் நின்றுபோனது. நின்றதும் அது ‘பாரம்பரியம்’ ஆகிவிட்டது. (செய்வதை நிறுத்தினால்தான் ஒரு பொருளுக்கு நம் நாட்டில் மரியாதை. செய்தவனுக்கு அப்போதும் கிடையாது.) கடலோரத்தில் பல வருஷம் நின்ற அந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் உப்பள இன்ஜின் மாதிரியே பிடித்துக்கொள்கிறது. அதை எடுக்க வருகிறவர்கள் உப்பள இன்ஜின்களில் கை பழகிய நம்ம பையன்கள்தான்.

அந்த வேலையை நின்று பார்த்திருக்கிறேன். முதலில் பிளக்குகளைக் கழற்றி, நாலு சிலிண்டரிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றுகிறார்கள். பேட்டரி, ரேடியேட்டர், ஓஸ், ஒயர், கார்ப்ரேட்டர், சைலன்சர் பைப் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, மவுண்டிங் போல்ட்டை எடுத்து, செயின் பிளாக் போட்டு இன்ஜினைத் தூக்குகிறார்கள். ஹெட்டைக் கழற்றியதும் தெரிந்தது. மூன்றாவது சிலிண்டரில்தான் வினை. வண்டி நின்றபோது அதில் வால்வு திறந்தபடி இருந்திருக்கிறது. கடல் காற்று அந்த வழியாக உள்ளே போய்க் குடியிருந்திருக்கிறது.

கூட இருந்த சின்னப் பையன் சுத்தியலை எடுத்தான். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடிக்காத தம்பி. ரிங்கு ஒடஞ்சிடும். ஊற வுடு.”

“எத்தினி நாளுண்ணே?”

“அது சொல்லும்.”

தினமும் காலையில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், மறுபடி ஊற்றுவார். பிஸ்டன் மேல் மரக்கட்டையை வைத்து நாலு தட்டு தட்டுவார். கிராங்க் நட்டில் நீளக் கம்பியை மாட்டி இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் அசைத்துப் பார்ப்பார். வேகமாக ஒரு பக்கமே திருகினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முன்னும் பின்னும் ஆட்டினால் துரு பொடியாகி எண்ணெயோடு வெளியே வரும். இதை யாரும் அவருக்குப் புத்தகத்தில் சொல்லித் தரவில்லை.

வண்டிக்காரர் ஒருநாள் வந்தார். நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்தார். நான் இயக்கத்துக்காரன் என்று தெரிந்ததும் சொன்னார்: “பாத்தீங்களா தம்பி, இரும்பே பொறுமையா இருந்தாத்தான் வழிக்கு வருது. உங்க ஆளுங்கதான் அவசரப்படுறாங்க. சாதியும் அப்படித்தான். ஊறணும். தானாப் போயிடும்.”

இந்த உவமையை நாம் எத்தனை வாயில் கேட்டிருக்கிறோம்! கேட்க அழகாக இருப்பதால் பதில் சொல்லாமல் வந்துவிடுகிறோம். பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில், அந்தப் பெரியவர் காத்திருக்கவில்லை. அவர் செய்தது வேலை. எண்ணெய் ஊற்றினார், தட்டினார், அசைத்தார். எத்தனை நாள் என்பதை முடிவு செய்தவர் கையில் கம்பி வைத்திருந்த அவர்தான். நம்மைப் பொறுக்கச் சொல்கிறவர்களோ ஒரு சொட்டு எண்ணெயும் ஊற்றுவதில்லை. கம்பியை நம்மிடம் தருவதும் இல்லை. நாள் குறிக்கிற உரிமை மட்டும் அவர்களிடம் இருக்கும்.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் 2023 ஏப்ரலில் அடிக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கு சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின் பேரில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. நம் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போக 2025 ஏப்ரல் ஆயிற்று. அந்த இரண்டு வருஷத்தில் எது ஊறியது? அசைத்தது வழக்கும், அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர்களும். 2013 ஏப்ரல் 25-இல் மரக்காணத்தில் வீடுகள் எரிந்தபோதும் எரித்தவர்களிடம் யாரும் பொறுமை கேட்கவில்லை. பறிகொடுத்தவர்களிடம்தான் கேட்டார்கள்.

இரண்டாவது, துருவுக்கு லாபம் கிடையாது. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருப்பதால் சிலிண்டருக்கு வருமானம் வருவதில்லை, அதற்கு ஒரு வழி விட்டால் போகும். சாதி பிடித்துக்கொண்டிருப்பதால் நிலம் வருகிறது, கூலி குறைகிறது, கோயிலில் முதல் மரியாதை கிடைக்கிறது. லாபம் பார்க்கிற துரு தானாகப் போனதாக எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டார்.

“அப்போ சுத்தியலா?” என்று கேட்பீர்கள். இங்கே தோழர்கள் சிலரோடு எனக்குச் சண்டை உண்டு. அவசரம்தான் புரட்சி என்று நினைக்கிறார்கள். அம்பேத்கர் நாசிக் காலாராம் கோயில் போராட்டத்தை 1930-இல் தொடங்கி ஐந்து வருஷம் நடத்திப் பார்த்தார். கதவு அசையவில்லை. 1935 அக்டோபரில் யேவலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபரில். நடுவில் இருபத்தோரு வருஷம்! படிப்பு, விவாதம், கட்சி, சட்டம் என்று அத்தனையும் அதற்குள் நடந்தது. பொறுமை என்றால் அது. அடுத்தவன் மனசு மாறட்டும் என்று உட்கார்ந்திருந்த பொறுமை இல்லை. ஒரு இடத்தை விட்டு வெளியேற நம் மக்களைத் தயார் செய்த பொறுமை.

உவமை இன்னொரு இடத்திலும் உடைகிறது. பெரியவர் சுத்தியலைத் தடுத்தது ஏன்? பிளாக்கும் வேண்டும், பிஸ்டனும் வேண்டும். இரண்டும் சேர்ந்து மறுபடி ஓட வேண்டும். ரிப்பேர் என்றாலே பொருள் காப்பாற்றத் தக்கது என்று ஒப்புக்கொண்டாயிற்று. சாதியில் காப்பாற்ற என்ன இருக்கிறது? 1936-இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலத்தார் உரையைக் கொஞ்சம் மென்மையாக்கச் சொன்னார்கள். அம்பேத்கர் மறுத்தார், மாநாடே ரத்தானது. உரையைத் தானே அச்சிட்டார். அதன் தலைப்பிலேயே ஒழிப்பு என்றுதான் இருக்கிறது. பழுது பார்ப்பது என்று இல்லை.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. புறநானூற்றில் ஔவை, உமணர்கள் உப்பு வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகிற சேம அச்சை ஒருவனுக்கு உவமையாக வைக்கிறாள் (102-ஆம் பாட்டு). எம்.ஏ. வகுப்பில் அந்த உவமையை எவ்வளவோ வியந்தோம். பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பில் பொகுட்டெழினியின் பெயர் நிற்கிறது. அச்சைச் செதுக்கியவன் யார் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. அம்பாசிடரை மீட்டவர் என்று நாளைக்குப் பத்திரிகையில் படம் வந்தால் அதில் யார் நிற்பார் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையைத் தத்துவமாகப் பேசுகிறவர் ஒருவர். அதைக் கையில் வைத்திருக்கிறவர் தினக்கூலி. வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிற ஆட்களைப் பிரித்திருக்கிறது சாதி என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான்.

வண்டிக்காரரிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். மீதியை அந்தப் பெரியவரே சொன்னார், கம்பியைத் துடைத்துக்கொண்டே: “சார், ஊற வெச்சா மட்டும் வராது. தெனம் ஆட்டணும்.” பிறகு சம்பள பாக்கியைக் கேட்டார்.

மூன்றாவது சிலிண்டர் பதினோராம் நாள் விட்டது. சுவரில் துரு குழி போட்டிருந்ததால் ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியிருந்தது. பாக்கி இரண்டு தவணையில் வந்தது.