பால்மணம் மாறாத பிள்ளைக்கு என்ன பழி?



பச்சைக் குழந்தையைத் தாய் பால் கொடுக்க மடியில் எடுத்ததும், அதுவரை விளையாடிக்கொண்டிருந்த மூத்தது ஓடிவந்து முந்தானையை இழுக்கும். சில நேரம் தம்பியைக் கிள்ளியும் விடும். நீங்கள் எல்லாரும் கண்டதுதான். புனித அகுஸ்தினாரும் கண்டார். பேச்சு வராத ஒரு குழந்தை தன்னோடு பால்குடித்த மற்றக் குழந்தையைப் பொறாமையில் வெளிறிய முகத்தோடு பார்த்ததை, ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தார். யாரும் சொல்லிக்கொடுக்காத இந்தப் பொறாமை எங்கிருந்து வந்தது?

ஆதாமிடமிருந்து வந்த காயம் என்கிறது திருச்சபை. அதைத்தான் ஜென்மப் பாவம் என்கிறோம். மாவலி ஆற்றுத் தண்ணீரை மேலே யாரோ கலக்கினால் கடைசி வயலுக்கும் கலங்கல்தான் வரும். அதற்காகக் கடைசி வயல்காரனை வழக்குக்கு இழுப்போமா? ஆதாமின் பிள்ளைகள் எவரிடத்திலும் இது அவரவர் செய்த குற்றமல்ல என்று 1992இல் வெளியான மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. மனித இயல்பு காயப்பட்டிருக்கிறது, அடியோடு கெட்டுப்போகவில்லை.

அப்படியிருக்க, நாம் பிள்ளைகளை என்ன சொல்கிறோம்? குழப்படி செய்தால் “பிறவிக் குணம்” என்கிறோம். தகப்பனை இழந்து பிறந்ததை “தகப்பனைத் தின்றது” என்கிறோம். நம் ஊரான கிளிவெட்டியில் இந்தச் சொல் எத்தனை நெஞ்சைச் சுடும்! போரால் தகப்பன் முகம் காணாமல் வளர்ந்தவர்களும், இடம்பெயர்ந்த நாட்களில் பிறந்தவர்களும் நம் நடுவே இருக்கிறார்கள். அந்தப் போரை அவர்களா தொடக்கினார்கள்? பிறவிக் குருடனைக் காட்டி, “யார் செய்த பாவம்?” என்று சீடர் கேட்டபோது, அவன்மீதும் பெற்றோர்மீதும் பழிபோட ஆண்டவர் மறுத்துவிட்டார். அவர் போடாத பழியை நாம் போடலாமா?

இன்னொரு துயரமும் உங்களில் சிலருக்கு உண்டு. 1996 பெப்ரவரி 11ஆம் தேதி, நமக்கு அருகே குமாரபுரத்தில் கொல்லப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். பிரசவத்திலேயே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் இங்கே இருக்கிறீர்கள். ஜென்மப் பாவத்தைப் போக்கும் திருமுழுக்கைப் பெறாமல் போன பிள்ளைகள் எங்கே? அகுஸ்தினார், மிக இலேசானதாயினும் அவர்களுக்குத் தண்டனை உண்டு என்று எண்ணினார். பின்வந்த அறிஞர்கள் துன்பமும் இறைக்காட்சியும் இல்லாத ‘லிம்போ’ என்ற நிலையைப் பற்றிப் பேசினார்கள். திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் வரையறுக்கவில்லை. 2007இல், திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஒப்புதலோடு பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட ஏடு, அவர்கள் மீட்படைவார்கள் என நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்றது. தாய்மாரே, இந்த நம்பிக்கையைப் பற்றிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளைத் தடுத்த சீடரைக் கடிந்துகொண்ட ஆண்டவர், அப்பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதிக்குமுன் அவர்களிடம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.

இந்த நம்பிக்கை இருக்கிறதே என்று, பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பயத்தால் அல்ல, அருளைச் சீக்கிரம் கொடுக்கும் ஆசையால் கொண்டுவாருங்கள். ஞானத்தாய், ஞானத்தந்தையரே, திருமுழுக்குக்குப் பின்னும் அந்தப் பழைய காயத்தின் சாய்வு பிள்ளையில் தங்கியிருக்கும். தம்பியைக் கிள்ளினால் கையைப் பிடித்துத் திருத்துங்கள், பிறப்பைப் பழிக்காதீர்கள். பழிச்சொல் கேட்டே வளர்ந்த பெரியவர் யாராவது இங்கே இருந்தால், உங்களுக்கும் சொல்கிறேன்: அது கடவுள் சொன்ன சொல் அல்ல. அவர் உங்களைத் தம் பிள்ளை என்றே அழைக்கிறார். ஆமென்.