அடையாளமற்ற வாகனமும் அதிகாரத்தின் அறமும்

வீதியிற் செல்லும் ஒருவனுக்குத் தன்னை மறிக்கும் வாகனம் யாருடையது என்று அறியும் உரிமை உண்டா? மேலோட்டமாக நோக்குமிடத்து இது போக்குவரத்துச் சட்டம் பற்றிய சிறு வினாவாகவே தோன்றும். ஆயினும், அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவைப் பற்றிய பெரியதோர் அறவினா அதனுள் அடங்கியிருக்கிறது. பொலிஸாருக்குரிய நிறமோ சின்னமோ எழுத்தோ இன்றி, ஏனைய வாகனங்களோடு கலந்து செல்லும் பொலிஸ் வாகனத்தை இனங்காண்பது எங்ஙனம் என்ற பேச்சு இன்று பல நாடுகளிற் சாரதிகளிடையே வழங்குகிறது. அதே பேச்சுக் கோப்பாயில் எழுமாயின் அதன் பொருள் வேறாகிவிடுகிறது. இவ்வேறுபாடு எதனால் விளைந்தது என்பதையும், அது நமக்கு உணர்த்தும் நெறி யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறைந்து நிற்கும் கண்

இங்கிலாந்து போன்ற நாடுகளில் பொலிஸார் சாதாரண கார்களிற் சென்று வேகத்தை அளப்பதும், கவனயீனமாக வாகனம் செலுத்துவோரைக் கண்டுபிடிப்பதும் வழமையான நடைமுறைகள். அவ்வாகனங்களை இனங்காணும் குறிகளையும் சாரதிகள் வகுத்துவைத்துள்ளனர். வழக்கத்துக்கு மேலாக நீண்டு நிற்கும் அன்ரெனா, முகப்புக் கம்பிவலைக்குப் பின்னே ஒளிந்திருக்கும் நீல விளக்கு, முன்னாசனங்களில் அமர்ந்திருக்கும் வெள்ளைச் சட்டைக்காரர் இருவர் என்பன அவற்றுட் சில. இவ்வறிவின் பயன் தண்டப்பணத்திலிருந்து தப்புதல். 'மறைந்திருந்து பிடிப்பது நியாயமா?' என்று சிலர் குறைகூறுவதும் உண்டு.

இக்குறைகூறலில் வலுவில்லை. பொலிஸ் வாகனத்தைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, அது மறைந்ததும் கூட்டுகிறவன் வீதியைக் கடக்கும் குழந்தையை மதிக்கவில்லை; சீருடையை மட்டுமே மதிக்கிறான். பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியிற் கூறும் கைஜஸ் என்னும் இடையனின் கதை ஈண்டு நினைக்கத்தக்கது. அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமற் செய்யும் மோதிரம் ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. அது கிடைத்ததும் அவன் அரசனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றுகிறான். காண்பார் இல்லாதபோதும் ஒருவன் நேர்மையாய் இருப்பானா என்பதே அக்கதை எழுப்பும் வினா. யாரும் பார்க்கவில்லை என்று எண்ணும் சாரதி தன் விரலிலும் அம்மோதிரம் கிடப்பதாகக் கருதுகிறான். அதனைக் கழற்றிவிடும் கருவியாக மறைவான பொலிஸ் கார் அமைகிறது எனலாம்.

தமிழ் மரபும் மறைவான கண்ணை மறுத்ததில்லை. வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். துறவியர் கோலத்திலும் ஒற்றன் செல்லலாம் என்பது அவர் கருத்து. எனினும் அவ்வதிகாரத்தைக் கூர்ந்து நோக்கின், அங்கே ஒற்றன் செய்யும் தொழில் காணுதலும் கேட்டலும் ஆராய்தலுமே என்பது புலப்படும். பிடிப்பதும் கட்டுவதும் தண்டிப்பதும் ஒற்றனுடைய தொழில்களாக அங்கே கூறப்படவில்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அச்சாணி.

கோப்பாயின் வீதி

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி கோப்பாயை ஊடறுத்து, நீர்வேலி, ஆவரங்கால் முதலிய ஊர்களைக் கடந்து வல்லைவெளியை அடைகிறது. இருமருங்கும் செம்மண் தோட்டங்களும் வாழைகளும் நிறைந்த இவ்வீதியில் ஆசிரிய கலாசாலைக்குச் செல்வோரும், சந்தைக்குப் பொருள் கொண்டுசெல்வோரும், பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் வருவோரும் நாள்தோறும் பயணஞ் செய்வர். 2005ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி 2009இற் போர் முடியும் வரையிலான காலத்தில், குடாநாட்டின் ஏனைய வீதிகளைப் போலவே இவ்வீதியும் அச்சத்தின் வீதியாயிற்று. 2006 ஓகஸ்ற் 11ஆந் திகதி ஏ9 பாதை மூடப்பட்டது. இரவில் ஊரடங்கு நிலவியது. அக்காலத்தில் குடாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டு மீளாதொழிந்தனர். 'வெள்ளை வான்' என்ற இரு சொற்கள் அன்று பெற்ற பொருளை எந்த அகராதியிலும் தேடவேண்டியதில்லை.

இங்கும் மக்கள் குறிகளை வகுத்திருந்தனர். இலக்கத்தகடு இல்லாமை, கறுப்பாக்கப்பட்ட கண்ணாடி, உள்ளிருப்போரின் மூடிய முகம் என்பன அக்குறிகள். இவற்றினும் வலிய குறி ஒன்று இருந்தது. ஊரடங்கு வேளையில், அடிக்கொரு காவலரண் உள்ள வீதியில், யாராலும் மறிக்கப்படாமற் செல்லவல்ல வாகனம் எது என்ற ஊகமே அது. சின்னம் எதுவும் இல்லாதிருந்தமையே அவ்வாகனத்தின் சின்னமாயிற்று. இலண்டன் சாரதி தண்டப்பணத்துக்கு அஞ்சிப் பெற்ற அறிவை இங்குள்ள தாய் தன் மகனின் உயிருக்கு அஞ்சிப் பெற்றாள். ஒரே வகையான அறிவு. ஆயினும் முன்னது சட்டத்திலிருந்து தப்புவதற்கானது, பின்னது சட்டமின்மையிலிருந்து தப்புவதற்கானது.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு விடயம் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. உயிரச்சுறுத்தலுக்கு உள்ளான பலர், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்திற் சரணடைந்தனர்; நீதிமன்றின் வழியாக யாழ்ப்பாணச் சிறைச்சாலையிற் பாதுகாப்புத் தேடினர். குற்றமற்றவன் சிறையை நாடிச் செல்வது உலக வழக்குக்கு மாறானது. ஆனால் சிறைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. உள்ளே வருவோரின் பெயர் பதியப்படும் ஏடு உண்டு. உறவினர் சென்று கேட்கக்கூடிய வாயில் உண்டு. பெயருள்ள சிறை, பெயரற்ற வாகனத்தை விடப் பாதுகாப்பானது என்று மக்கள் கண்டனர். அடையாளத்தின் அறப்பெறுமதியை இதனினும் தெளிவாக எந்தத் தத்துவ நூலும் எடுத்துரைத்துவிட முடியாது.

இத்துயர் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1987 முதல் 1990 வரையிலான காலத்தில் இலங்கையின் தென்பகுதியிலும் இலக்கத்தகடற்ற வாகனங்கள் சிங்கள இளைஞர்களைக் கொண்டுசென்றன. 2008 மே 22ஆந் திகதி கொழும்பை அடுத்த பகுதியில் ஊடகவியலாளர் கீத் நொயார் வெள்ளை வானிற் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டார். போர் முடிந்த பின்னரும் மனிதர் மறைவது ஓயவில்லை. 2011 டிசம்பர் 9ஆந் திகதி, மனித உரிமைகள் தினத்துக்கு முதல் நாள், கோப்பாய்க்கு அண்மையிலுள்ள ஆவரங்காலிலிருந்து மோட்டார் சைக்கிளிற் புறப்பட்ட செயற்பாட்டாளர்களான லலித் குமார் வீரராஜும் குகன் முருகானந்தனும் இன்றுவரை திரும்பவில்லை. அவர்களின் உறவினர் ஆட்கொணர்வு மனுவுடன் நீதிமன்றை நாடினர்.

கண் மறையலாம், கை மறையலாகாது

இனி நெறிக்கு வருவோம். அரசு மறைந்து நின்று காணலாம். மறைந்து நின்று தொடலாகாது. காணப்படுபவன் எதனையும் உடனே இழப்பதில்லை. தொடப்படுபவனோ அக்கணமே தன் சுதந்திரத்தை இழக்கிறான். அதனை எடுத்தவர் யார் என்று அறிவது அவன் கையில் எஞ்சும் கடைசி உரிமை.

சட்டங்களும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருக்கின்றன. இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் தனது 23ஆம் பிரிவில், கைது என்பதனை உடலைத் தொடுதல் அல்லது அடைத்தல் என்றே வரையறுத்து, குற்றச்சாட்டின் தன்மையையும் கைதுசெய்யப்படுபவனுக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 163ஆம் பிரிவு, வீதியில் வாகனத்தை நிறுத்துமாறு பணிக்கும் பொலிஸ்காரர் சீருடையில் இருத்தல் வேண்டும் என்கிறது. கார் மறைவாக வரலாம். நிறுத்தும் கை வெளிப்பட வேண்டும் என்பதே அதன் உட்கிடை. டி. கே. பாசு வழக்கில் 1996இல் இந்திய உயர் நீதிமன்றமும், கைதுசெய்வோர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்கவேண்டும் எனப் பணித்தது. இலங்கையிலேயே 2006 யூலையில் வெளியிடப்பட்ட சனாதிபதிப் பணிப்புரை, கைதுசெய்பவர் தம் பெயரையும் பதவியையும் கூறவேண்டும் என்றது. அப்பணிப்புரை வெளிவந்த பின்னர்தான் வெள்ளை வானின் மிகக் கொடிய ஆண்டுகள் தொடர்ந்தன என்பது சட்டத்துக்கும் நடப்புக்கும் இடையிலான தூரத்தைக் காட்டுகிறது.

கோவலனைக் கொன்ற பழி யாருடையது என்பதிற் கண்ணகிக்கு ஐயமில்லை. பொற்கொல்லன் பொய் சொன்னான், காவலர் சென்றனர், அரசனின் ஆணை நிறைவேறியது. விசாரணையற்ற அக்கொலை கொடியதே. ஆயினும் அவள் சிலம்போடு சென்று நிற்க ஓர் அரண்மனை வாயில் இருந்தது. 'இது என் பிழை' என்று ஏற்று வீழ்ந்த அரசன் ஒருவன் இருந்தான். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி வீதியோரத்திற் போராடத் தொடங்கிய தாய்மாரிடம் புகைப்படங்கள் இருந்தன, வாயில் இருக்கவில்லை. எந்த முகாமிற் கேட்டாலும் 'இங்கே கொண்டுவரவில்லை' என்ற ஒரே மறுமொழி. இம்மறுமொழிக்கு இடமளிப்பதற்காகவே வாகனம் அடையாளமின்றி அனுப்பப்படுகிறது. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சர்வதேச உடன்படிக்கை அக்குற்றத்தை வரையறுக்கையில், பிடித்துச் செல்வதோடு அதனை ஏற்க மறுப்பதனையும் குற்றத்தின் கூறாகவே கொண்டது. இலங்கை 2016இல் அவ்வுடன்படிக்கையை ஏற்று, 2018இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியது.

ஆயுதந் தாங்கியோர் பலர் இருந்த நாட்டில் இம்மறுப்பு மேலும் எளிதாயிற்று. அரச படைகள்மீதும் அவற்றோடு இயங்கிய குழுக்கள்மீதும் பெரும்பாலான குற்றச்சாட்டுகள் எழுந்தன. விடுதலைப் புலிகளும் மனிதரைக் கடத்தியமை பதிவாகியுள்ளது. அடையாளமற்ற வாகனம் ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பைச் சுட்டுவதற்கு வசதியளித்தது.

இரு தடைகள்

இந்நெறிக்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். சீருடையும் கொலை செய்ததுண்டே என்பது முதலாவது. உண்மை. 2016 ஒக்ரோபர் 20ஆந் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்திக்கு அருகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து உயிரிழந்தனர். முதலில் அது விபத்தெனப்பட்டது. எனினும் அந்த இரவிற் கடமையில் இருந்தவர் யார் என்ற பதிவு இருந்தமையால், மறுநாளே பொலிஸார் ஐவர் கைதுசெய்யப்பட்டனர். அடையாளம் தீமையைத் தடுத்துவிடாது. தீமைக்கு உரியவன் யார் என்பதனை மறைக்கவிடாது. நீதி முழுமையாகக் கிடைப்பதற்கு அது போதாது. நீதியைக் கேட்கத் தொடங்குவதற்கு அது இன்றியமையாதது.

அடையாளமும் பொய்யாகலாம் என்பது இரண்டாவது தடை. 2021 மார்ச்சில் இலண்டனிற் சாரா எவராட் என்னும் பெண், கடமையில் இல்லாத பொலிஸ்காரன் ஒருவனால், அவனது மெய்யான அடையாள அட்டையைக் கொண்டே பொய்யாகக் கைதுசெய்யப்பட்டு, வாடகைக் காரிற் கடத்திக் கொல்லப்பட்டார். இதனால் அடையாளம் வீண் என்று ஆகாது. சரிபார்க்க முடியாத அடையாளம் போதாது என்பதே முடிவு. அந்நிகழ்வின் பின்னர் இலண்டன் பொலிஸார், சாதாரண உடையில் தனித்துச் செல்லும் பொலிஸ்காரர் தம்மை நிலையத்தோடு காணொளித் தொடர்பு மூலம் உறுதிப்படுத்தும் ஏற்பாட்டைக் கொணர்ந்தனர். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு தெளிக என்று வள்ளுவர் அரசனுக்குக் கூறிய அறிவுரை, குடிமகனுக்கும் உரிய உரிமையாக இங்கே மாறுகிறது.

முடிவாக

கொடுங்கோன்மை பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், கோலோடு நின்று குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை வேலோடு நின்று வழிமறிக்கும் கள்வனோடு ஒப்பிடுகிறார். வழியில் மறிக்கும் இருவருக்கும் இடையே வேறுபாடு உண்டென்றால், அதனைக் காட்டவேண்டிய கடமை அரசனுடையது; கண்டுபிடிக்கவேண்டிய சுமை வழிப்போக்கனுடையதன்று. எனவே வீதியில் மறிப்பவரிடம் பெயர், பதவி, நிலையம் ஆகியவற்றைக் கேட்பது ஒழுங்கீனமும் அன்று. அரசுக்கு எதிரான செயலும் அன்று. அரசைக் கள்வனிடமிருந்து வேறுபடுத்த உதவும் செயல் அது. சட்டம் பயிலும் மாணவனும் அதனைக் கற்பிக்கும் விரிவுரையாளரும் இவ்வுரிமையைத் தம் ஊரவர்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும்.

குடாநாட்டின் வீதிகளில் வெள்ளை நிற வான்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுட் பல பள்ளிப் பிள்ளைகளையும் திருமண வீட்டாரையும் ஏற்றிச் செல்வன. ஒரு நிறத்தையே அச்சத்தின் நிறமாக்கியது மறைந்து வந்த அதிகாரம். அந்நிறம் மீண்டும் வெறும் நிறமாவதற்குக் காலம் கழிவது மட்டும் போதாது. கொண்டுசெல்லப்பட்டோர் எங்கே என்ற வினாவுக்குப் பெயரும் பதவியும் கூறி மறுமொழி சொல்பவர் ஒருவர் வேண்டும்.