போனை வையுங்கள், நிமிர்ந்து நில்லுங்கள்!

காக்கிச் சட்டை போட்ட ஒருவன் வீடியோ காலில் வருகிறான். பின்னால் தேசியக்கொடி, மேசைமேல் தொப்பி. “உங்க ஆதார் நம்பர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருந்துச்சு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். கேமராவை அணைக்கக் கூடாது. வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது” என்கிறான். காலமெல்லாம் நேர்மையாக உழைத்து ஓய்வுபெற்றவர், காவல் நிலையப் படி ஏறாதவர், வெலவெலத்துப் போகிறார். மறுநாள் வங்கிக்குப் போய் வைப்புத்தொகையை முறித்து, அவன் சொன்ன கணக்கில் போட்டுவிடுகிறார்.

ஐயா, அம்மா, எதற்கு நடுக்கம்? டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது! எந்தப் போலீசும், எந்த சிபிஐ அதிகாரியும், எந்த நீதிபதியும் வீடியோ காலில் உங்களைக் கைது செய்ய முடியாது. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதை நாட்டுக்குச் சொன்னார். அந்த ஆளிடம் வாரண்ட் இல்லை, அதிகாரம் இல்லை. உங்கள் பயம்தான் அவன் போடும் முதல். அதை ஏன் கொடுக்கிறீர்கள்? “யாரிடமும் சொல்லாதே” என்று எவன் சொன்னாலும் அந்த நொடியே போனை வையுங்கள். மகளைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், உரக்கச் சொல்லுங்கள்! இன்னொருவர் காதில் விழுந்ததுமே அவன் நாடகம் ஆட்டம் காணும்.

“படிக்காத நான் எப்படிச் சமாளிப்பேன்” என்று சொல்லாதீர்கள். டாக்டர்களும் பேராசிரியர்களும் ஏமாந்திருக்கிறார்கள். இங்கே வேண்டியது பட்டமல்ல, துணிச்சல். திருடர்கள் வேறு வேடத்திலும் வருவார்கள். உங்களுக்கு வர வேண்டிய பணத்தை வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. “பின் போடுங்க, பணம் வரும்” என்பவன் திருடன். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் செயலியை நிறுவும் ஏபிகே ஃபைல் வந்தால் தொடாதீர்கள். இதையும் மீறிப் பணம் போய்விட்டதா? தலையில் கை வைத்து உட்காராதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். திருடிய பணம் கணக்குவிட்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்; அதை எடுப்பதற்குள் தகவல் போனால் வங்கி முடக்க வழியுண்டு. “நாலு பேர் என்ன நினைப்பார்கள்” என்று தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம்.

பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால், பதின்மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ஆன்லைன் கேமில் பழகியவன் தானும் பள்ளி மாணவன் என்கிறான். சில நாளில் ஓர் அந்தரங்கப் படம் கேட்கிறான். அனுப்பியதும் குரல் மாறுகிறது: “இன்னொண்ணு அனுப்பு, இல்லேன்னா உன் ஸ்கூல் குரூப்ல போட்டுடுவேன்.” ஆண் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறது, போன் சிணுங்கினால் முகம் வெளுக்கிறது. அப்பாவிடம் சொன்னால் அடி விழும் என்ற பயமே அந்த அயோக்கியனுக்குக் காவல்!

தம்பி, தங்கச்சி, கேளுங்கள். குற்றவாளி அவன்தான், நீங்கள் இல்லை! குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையும் முகத்தையும் ஊடகங்கள் வெளியிட 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடை போட்டிருக்கிறது. அவனுக்கு இன்னொரு படமும் அனுப்பாதீர்கள், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மிரட்டலையும் அவன் கணக்குப் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அது சாட்சி. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். படம் இணையத்தில் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியேறாது. அதன் அடையாள எண் மட்டும் போகும், அதை வைத்து இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் படத்தைத் தடுக்கும்.

பெற்றோரே, இன்றிரவு சோறு பரிமாறும்போதே சொல்லிவிடுங்கள்: “போன்ல எவன் மிரட்டினாலும் முதல்ல என்கிட்ட வா. திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்.” பிள்ளை அழுதுகொண்டே வந்து நிற்கும் நாளில், ரத்தம் கொதித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.