இரசிகனும் நண்பனும்

மனிதனை மனிதனோடு பிணைக்கும் உறவுகளுள் நட்பினை விதந்து பேசாத அறநூல் இல்லை எனலாம். ஆயின், இரசிகன் என்ற நிலை அறநோக்கில் வைத்து ஆராயப்படுவது அரிது. இரசிகனது அன்பு ஒருவழிப்பட்டது. மேடையில் நிற்பவனை ஆயிரம் பேர் அறிவர். அந்த ஆயிரவருள் ஒருவனையும் அவன் அறியான். நட்போ இருவழிப்பட்டது. எனவே இரண்டும் வெவ்வேறு என்று கூறி அமைந்துவிடலாம். ஆனால், கலைஞன் மேடையை விட்டிறங்கி, முதுமையெய்தி, ஒரு சிறிய வீட்டில் ஒதுங்கி வாழுங்காலத்தில், அவனுடைய இரசிகன் ஒருவன் அவ்வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே சென்று, பழகத் தொடங்குவானாயின் அவ்வுறவை என்னவென்பது? அது நட்பா? அன்றிப் பழைய இரசனையே வேறோர் உருவில் தொடர்கின்றதா? இவ்வினாவை நகைச்சுவைக் கலைஞரை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகைச்சுவைக் கலைஞரை முன்வைப்பதற்குக் காரணமுண்டு. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து நகையையே முதலில் வைக்கின்றார். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் பேதைமையையும் மடமையையும் எண்ணுகின்றார். அரங்கில் ஒருவன் பேதையாகத் தோன்றுகின்றான், நாம் சிரிக்கின்றோம். அவன் உண்மையிற் பேதையல்லன் என்ற உறுதியே நமது சிரிப்பைக் குற்றமற்றதாக்குகின்றது. முதுமை இந்த உறுதியைக் குலைத்துவிடுகின்றது. நடிப்பிலே தடுமாறியவன் இப்போது மெய்யாகவே தடுமாறுகின்றான்; வேண்டுமென்றே சொல்லை மறந்தவன் இப்போது மெய்யாகவே மறக்கின்றான். அவலச்சுவை நடித்தவனுக்கு முதுமை ஒரு கம்பீரத்தைச் சேர்க்கவுங்கூடும். நகைச்சுவை நடித்தவனிடமோ அவன் எக்குறையை நடித்துப் புகழ்பெற்றானோ அக்குறையையே அது மெய்யாக்கித் தருகின்றது. அவன் முன்னே அமர்ந்திருக்கும் இரசிகன் சிரிப்பதா, இரங்குவதா என்று அறியாது திகைக்கின்றான். அத்திகைப்பிலேதான் நமது வினா பிறக்கின்றது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் நட்பினை மூவகைப்படுத்தினார். பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது என்பன அவை. நகைச்சுவையாகப் பேசுவோரை நாம் விரும்புவது அவர்தம் குணத்துக்காக அன்று, அவர் நமக்கு இன்பந்தருவதற்காகவே என்பதை இரண்டாம் வகைக்கு உதாரணமாக அவரே எடுத்துக்காட்டுகின்றார். இன்பம் நின்றதும் இத்தகைய நட்பும் நின்றுவிடும் என்பது அவர் துணிபு. இதன்படி நோக்கின், ஓய்வுபெற்ற நகைச்சுவைக் கலைஞனுக்கு இரசிகர் எவரும் எஞ்சியிருத்தல் கூடாது. ஆனால், உலகியல் இதற்கு மாறான சான்றுகளையும் தருகின்றது.

லோரல், ஹார்டி என்ற இணையை அறியாதார் இலர். 1927 முதலாக இருவரும் இணைந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தனர். 1957இல் ஹார்டி மறைந்தார். அதன்பின் ஸ்டான் லோரல் மேடையிலோ திரையிலோ நடிக்கவேயில்லை. கலிபோர்னியாவிலே சாந்தா மொனிக்கா என்னும் கடற்கரை நகரில் ஓர் எளிய அடுக்குமாடி வீட்டில் வாழ்ந்தார். அவருடைய பெயரும் இலக்கமும் எல்லாருடையவற்றையும் போலத் தொலைபேசி விபரத்திரட்டில் அச்சாகியிருந்தன. யாரும் அழைக்கலாம், அழைத்தவர் பலர் வீட்டுக்கும் வரவேற்கப்பட்டனர். உலகெங்குமிருந்து வந்த கடிதங்களுக்கு அவர் தாமே தட்டச்சுச் செய்து பதிலெழுதினார். அவ்வாறு இலக்கத்தைக் கண்டு அழைத்தவர்களுள் டிக் வான் டைக் என்ற இளைய நடிகரும் ஒருவர். இரசிகராகத் தொடங்கிய அவ்வுறவு வளர்ந்து, 1965இல் லோரல் இறந்தபோது இறுதிச் சடங்கில் இரங்கலுரை ஆற்றும் உரிமையை வான் டைக்குக்கு அளித்தது.

இவ்வுறவில் இரண்டு செய்திகள் மனங்கொளத்தக்கன. முதலாவது, முகமூடி பற்றியது. திரையில் லோரல் ஒன்றுமறியாப் பேதை. தலையைச் சொறிந்து அழுபவர். வாழ்விலோ அவ்விணையின் நகைச்சுவைகளைச் சிந்தித்து அமைத்த மூளையாக விளங்கியவர் அவரே. படத்தொகுப்பு வரை அவருடைய கை சென்றது. ஆகவே, திரையிற் கண்ட பேதையைத் தேடிச் செல்லும் இரசிகன் அவ்வீட்டில் அவனைக் காணமாட்டான். தொழில் நுணுக்கம் முற்றுமறிந்த, கூரிய அறிவுடைய முதியவர் ஒருவரையே காண்பான். தான் நேசித்த உருவத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, தான் அறிந்திராத மனிதரை நேசிக்க அவன் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இதற்கு உடன்படாதவன் எத்தனை முறை சென்றாலும் இரசிகனாகவே திரும்பி வருவான்.

இரண்டாவது செய்தி இதனினும் நுட்பமானது. வான் டைக் தமது தொலைக்காட்சித் தொடரிலே ஒருமுறை லோரலைப் போல நடித்துக் காட்டினார். பின்னர் அழைத்து அபிப்பிராயம் கேட்டார். லோரல் பாராட்டோடு அமையவில்லை. தொப்பி சரியில்லை என்பது முதலாகக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்காக ஏற்பட்டதன்று, நெறி பிறழும்போது முன்சென்று இடித்துரைப்பதற்காக ஏற்பட்டது என்பது வள்ளுவர் கருத்து. சிரிப்பினால் இணைந்த இருவரை ஆராயும்போது இக்கருத்து புதுப்பொருள் பெறுகின்றது. புகழ்மொழிக்குப் புன்னகையால் விடையளிப்பது கலைஞன் இரசிகனுக்குச் செய்யும் உபசாரம். குறையைச் சொல்வது நண்பனுக்கு மட்டுமே செய்யப்படும் மரியாதை. லோரல் வான் டைக்கைத் திருத்த முற்பட்ட அவ்வேளையில் அவ்விளைஞர் ஆயிரவருள் ஒருவராக இருந்த நிலை நீங்கிப் பெயரும் முகமும் உடையவரானார்.

எனினும், இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கலைஞன் இரசிகனைத் திருத்தலாம். இரசிகன் கலைஞனை இடித்துரைக்க இயலுமா? இங்கேதான் இரசிகத்தன்மை பெரும்பாலும் தோற்றுப்போகின்றது. தமிழ்த் திரையுலகின் ஜே. பி. சந்திரபாபு இதற்கு வருந்தத்தக்க சான்றாவார். 1927இல் தூத்துக்குடியிற் பிறந்து, இளமையிற் கொழும்பிலும் வாழ்ந்தவர் என்பதால் அவர்மீது நமக்கும் ஓர் உரிமையுண்டு. ஆடலாலும் பாடலாலும் நகைச்சுவையாலும் உச்சியை அடைந்த அவர், 1966இல் தாமே இயக்கி வெளியிட்ட படத்துக்குத் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்று பெயரிட்டார். அதன்பின் வாய்ப்புகளின் கதவுகள் அவருக்கு ஒவ்வொன்றாக மூடின. கடனும் நோயும் சூழ 1974இல், ஐம்பது வயதைக் காணாமலே மறைந்தார். எம். எஸ். விசுவநாதன் போன்ற மிகச் சிலருடைய நட்பே இறுதிவரை அவருக்குத் துணைநின்றது. அவர் பாடல்களை முணுமுணுத்த இலட்சக்கணக்கானோர் கொடியவர் அல்லர். அவரை மேலும் ஆடச் சொல்லவும் மேலும் சிரிக்க வைக்கச் சொல்லவும் மட்டுமே அவர்கள் பழகியிருந்தனர். ‘போதும், ஓய்வெடுங்கள்’ என்று சொல்லும் நிலையில் அவர்களுள் எவரும் இருக்கவில்லை. கைதட்டும் கை தாங்குங் கையாக மாறுவதற்கு அருகில் நிற்றல் இன்றியமையாதது.

இவ்விடத்தே எமது மட்டக்களப்பு மண்ணின் கூத்துமரபை நினைத்தல் பொருந்தும். படுவான்கரையிலே, வாவியோரத்தில் அமைந்த மண்டூர் முருகன் கோயிலாற் சிறப்புற்ற ஊர். அது போன்ற ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைப் பழகி ஆடியோர் உழவரும் மீனவருமே. அண்ணாவியார் மாதக்கணக்காகப் பழக்கி, களரி கட்டி, இரவு முழுவதும் ஆடப்படும் கூத்திலே கோமாளியாக வந்து ஊரைச் சிரிக்க வைத்தவன், விடிந்ததும் பக்கத்து வயலிலே வரம்பு கட்டிக்கொண்டிருப்பான். குருமண்வெளித் துறைக்குச் செல்லும் பாதையில் நம்மருகே நின்று வாவியைக் கடப்பான். அவன் யாருக்கோ மாமன், யாருக்கோ மச்சான். ஊரவன் முதலில், கோமாளி பின்னர். முதுமையிற் சதங்கையைக் கழற்றி வைத்தாலும் அவன் வெற்றாளாகிவிடுவதில்லை. திண்ணையில் அமர்ந்து இளையவரின் ஆட்டத்தைக் குறைகூறும் உரிமையும் அவனுக்குண்டு. அவன் தள்ளாடினால் கைகொடுக்கும் கடமை ஊருக்குமுண்டு. அங்கே உறவு முந்தியது, இரசனை பிந்தியது. திரையும் வானொலியும் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கின. அவை முன்பின் அறியாதவனின் சிரிப்பை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தன. எனவே நம் காலத்து இரசிகன் நண்பனாவதற்கு, கூத்துக்களரியில் இயல்பாகவே கிடைத்ததைப் பின்னோக்கி நடந்து தேடவேண்டியவனாகின்றான்.

இலங்கைத் தமிழர் வாழ்வு இவ்வினாவுக்கு இன்னுமொரு பரிமாணத்தைச் சேர்த்துள்ளது. ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பினாலே பேருந்து நடத்துநர் ஒருவரை ஈழத்தவர் நெஞ்சில் நிலைக்க வைத்த கே. எஸ். பாலச்சந்திரன் பின்னாளிற் கனடாவுக்குப் புலம்பெயர்ந்து, 2014இல் அங்கேயே மறைந்தார். அந்நடிப்பைக் கேட்டுச் சிரித்தவர்களிற் பலரும் அதே குளிர்நாட்டிலே வாழ்ந்தனர். அவ்வூர்ப் பேருந்து இல்லாத நாட்டில் அப்பேருந்தைப் பற்றிச் சிரிக்கும்போது, கலைஞனும் இரசிகனும் ஒரே இழப்பின் முன்னே சமமாக நிற்கின்றனர். நட்புக்கு வேண்டிய சமநிலையை இங்கே புகழ் குலைக்கவில்லை. பிரிவு அதனை உண்டாக்கிவிடுகின்றது.

இனி, எதிர்வாதமொன்றை ஆராய்தல் தகும். ஓய்வுபெற்ற கலைஞனைத் தேடிச்செல்வதே தவறு, அவனைத் தனிமையில் விட்டுவிடுவதே அன்பு என்பர் சிலர். இதனை எளிதில் ஒதுக்குதற்கில்லை. நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணம் அன்றிரவுச் சிரிப்போடு தீர்ந்துவிடுகின்றது. கலைஞனின் முதுமையை அது விலைக்கு வாங்குவதில்லை. பழைய வசனத்தை ஒருமுறை சொல்லிக் காட்டுமாறு நோயுற்ற முதியவரை நெருக்குவோன் நண்பனல்லன், கடன் வசூலிப்பவன். ஆகவே கதவு உள்ளிருந்து திறக்கப்படவேண்டும். லோரல் தமது இலக்கத்தை விபரத்திரட்டில் விட்டுவைத்தமை அத்தகைய திறப்பு. புறநானூறு காட்டும் கோப்பெருஞ்சோழன் – பிசிராந்தையார் நட்பும் இதனையே உணர்த்துகின்றது. நேரிற் காணாமலே அன்பு கொண்டவர் அவர்கள். ஆயினும் அரசன் வடக்கிருந்தபோது, புலவர் வருவார் என்று கூறி அவருக்கென இடமொன்றை ஒதுக்கச் செய்தான், புலவரும் வந்தார். புலவரின் அன்பு மட்டும் அந்நட்பை ஆக்கவில்லை. அரசன் ஒதுக்கிய இடமும் சேர்ந்தே ஆக்கியது. முன்பழக்கமின்மை நட்புக்குத் தடையன்று. இடம் ஒதுக்கப்படாமையே தடை.

நண்பர் என்போர் ஒருங்கிருந்து உப்புண்டிருக்க வேண்டும் என்ற கிரேக்கப் பழமொழியை அரிஸ்டோட்டில் எடுத்தாள்கின்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வது நமது பழமொழி. முன்னது நட்பைப் பேசுகின்றது. பின்னது நன்றியைப் பேசுகின்றது. இவ்விரண்டின் வேறுபாட்டை நாம் மயக்கிவிடுகின்றோம். நம்மைச் சிரிக்க வைத்தவனுக்கு நாம் அனைவரும் நன்றிக்கடன் பட்டவர்கள். அக்கடனை விழாவெடுத்தும், பொன்னாடை போர்த்தும், மலர் வெளியிட்டும் ஓரளவு தீர்க்கலாம். சமூகமாக நின்று அவன் மருந்துக்கும் வீட்டுக்கும் வழிசெய்தல் அதனினும் மேலான தீர்வு. நட்பு அவ்வாறு எல்லார்மீதும் விதிக்கத்தக்க கடமையன்று. அது ஒருவனுக்கும் ஒருவனுக்கும் இடையே, விழா முடிந்து பந்தல் பிரித்த பின்னர், சிரிக்க எதுவுமில்லாத ஒரு பிற்பகலிலே தொடங்குவது. நன்றியை நட்பென்று சொல்லிக் கலைஞனின் வீட்டிலே இடம்பிடிப்பதும் தவறு. நட்புக் கொள்ள இயலாமையைக் காரணங்காட்டி நன்றிக்கடனிலிருந்து நழுவுவதும் தவறு.

ஆகவே, இரசிகன் நண்பனாதல் கூடும். ஆனால், இரசிகனாகவே இருந்துகொண்டு ஆதல் கூடாது. தான் நேசித்த உருவத்தை இழக்க ஒருப்படுதல், தன்னைக் கலைஞன் காணவும் திருத்தவும் இடங்கொடுத்தல், இன்பம் நின்ற பின்னரும் அருகில் இருத்தல் என்னும் மூன்றும் அம்மாற்றத்துக்குரிய விலையாகும். நம்மைச் சிரிக்க வைத்த ஒருவர் முன்னே சிரிப்பை எதிர்பாராது அமர்ந்திருக்க நம்மால் இயலுமாயின், அவர் தமது நெடிய வாழ்விலே முதன்முறையாக எவரையும் சிரிக்க வைக்கவேண்டிய கடமையின்றி ஓய்ந்திருப்பார். அவ்வோய்வைத் தருவதே நண்பன் செய்யத்தக்க முதல் உதவி.