விடிய எழும்பி வைக்கிற நாலடி

"முதல் நாலடிதான் தம்பி உயிர் போகுது. பிறகு நடக்க நடக்க விட்டிடும்." வன்னியில் குதிக்கால் நோ உள்ள யாரைக் கேட்டாலும் அநேகமாக இதைத்தான் சொல்வார்கள். அந்த 'விட்டிடும்'தான் ஆளை ஏமாற்றுவது.

குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. நின்றே வேலை செய்கிறவரின் பாரத்தைத் தாங்கித் தாங்கி, எலும்போடு சேரும் இடத்தில் அது நைந்துபோகும். இரவு படுத்திருக்கையில் சுருங்கி இறுகும். விடிய ஊன்றியதும் வெடுக்கென்று இழுபடும். நடக்கத் தளர்ந்து நோ மறைய, வேலைதான் மருந்து என்று நினைத்து மேலும் உழைக்கிறோம். பின்னேரம் திரும்பவும் நோகும்.

எக்ஸ்றே எடுத்தால் "எலும்பு வளர்ந்திருக்குது" என்று ஒரு பயமும் சேர்ந்துகொள்ளும். நோவே இல்லாத பலரின் குதியிலும் அந்த எலும்பு உண்டு.

வைத்தியர் முதலில் சொல்வது ஓய்வு. போரில் புருஷனை இழந்து, கார்மென்ட்டில் நின்று வேலை செய்து, வந்து அடுப்பு மூட்டுகிற கிளிநொச்சிப் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் ஓய்வெடுக்க அவர் வேலையைச் செய்ய இன்னொருவர் வேண்டுமே! மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர்களின் பாடு இன்னும் கடினம். உடம்பு பொய்க்காலை முழுதாக நம்பாது, பாரத்தை நல்ல காலிலேயே போடும். அந்தக் குதியும் நொந்தால் எதை ஊன்றுவது?

ஆகவே ஓய்வு கேட்காத வைத்தியத்தைத்தான் நான் நம்புகிறேன். படுக்கையை விட்டு இறங்கமுன், நோகிற காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைப் பிடித்து மேல்நோக்கி வளைத்து, பத்து எண்ணும்வரை வைத்திருங்கள். இப்படிப் பத்துத் தரம். மற்றக் கையால் தடவினால் உள்ளங்காலில் அந்தச் சவ்வு நாண்போல விறைத்து நிற்பது தெரியும்.

அடுத்தது தரை. 2012க்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் எழுந்த கல்வீடுகளில் மண்தரை போய்ச் சீமெந்து வந்தது. அந்த வன்தரையில் வெறுங்காலோடு நின்றால் அடி குதிக்குத்தான்; செருப்பு வேண்டும். வீட்டுக்குள் செருப்பென்றால் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். சாமியறைக்குச் சரி, குசினிக்கு என்ன வந்தது? கழுவி வைத்த ஒரு சோடி போதும். தேய்ந்து மட்டையான பழைய பாட்டா உதவாது.

எருக்கிலை வைத்துச் சுடுசெங்கல்லில் குதியை ஊன்றும் கைவைத்தியம் சிலருக்குச் சுகம் தரும். சலரோகத்தால் கால் விறைத்தவர்கள் அதைக் கிட்டவும் எடுக்கக்கூடாது. சூடு தெரியாது, புண்தான் மிஞ்சும்.

பெரும்பாலானோருக்கு வெட்டுக்கொத்து இல்லாமலே சில மாதங்களில் அடங்கிவிடும். இரவு படுத்திருக்கையிலும் நோ விடாவிட்டால், குதி வீங்கினால், விறைத்தால் அது வேறு கதை. ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும்.