ரெடியா?

விசைத்தறி நின்றுபோனால் ஓட்டுகிறவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, “அண்ணே, மூணாம் தறியை ரெடி பண்ணித் தாங்க” என்பார். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரிடம், “உடம்பு ரெடியாயிட்டா?” என்று விசாரிப்போம். மகள் கல்யாணத்துக்குப் பணம் ரெடி பண்ண மாசக்கணக்கில் அலைவோம். எங்கள் ஊர் சங்கரன்கோவில் கடைத்தெருவில் ஒரு பொழுது நின்றால் இந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

இங்கிலீஷ்காரனுக்கு அது முதலில் ஒரு காரியம் வருவதற்கு முன்னால் இருக்கும் நிலை. நாமோ உடைந்ததை ஒட்டுவதற்கும் இல்லாததைத் தேடிப் பிடிப்பதற்கும் அதைப் பழக்கிவிட்டோம். வருமுன் இருக்கவேண்டிய சொல் வந்தபின் ஓடுகிற சொல்லாகிவிட்டது. ‘ஆயத்தம்’ என்று நமக்கே ஒரு நல்ல சொல் உண்டு. இலங்கைத் தமிழர் பேச்சில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் பக்கம் மேடைக்கும் தேவாலயத்துக்கும் போய் ஒதுங்கிவிட்டது. சொல் ஒதுங்கினால் பரவாயில்லை, முன்கூட்டியே ஆயத்தமாகும் பழக்கமும் சேர்ந்து ஒதுங்கியதுதான் என்னை உறுத்துகிறது.

ஓர் ஐப்பசி மழைநாள், விடியற்காலை நாலு மணி. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வயிற்றைப் பிசைந்தது. ராத்திரி ஏதோ கடித்த மாதிரி இருந்ததாம், பூச்சி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டார். இப்போது இமை தூக்க முடியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான்: பல பேருக்கு வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. முதலில் இமை, பிறகு நாக்கு, பிறகு மூச்சு.

தெருவே எழுந்துவிட்டது. “வண்டி ரெடியாலே?” “ரெடிண்ணே.” “பணம்?” “ரெடி பண்ணிட்டேன்.” ஒருவர் புற்றுமண்ணைக் குழைத்துக் காலில் அப்பினார். ஒருவர் கயிற்றால் இறுக்கினார். அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தது நான். வண்டி உறுமிக்கொண்டு நின்றபோதுதான் ஒரு கேள்வி வந்தது: விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கும்? எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாலைந்து பேருக்குப் போன் போட்டுக் கேட்டு வண்டி நகர இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டது.

அங்கே நின்றவர்கள் எல்லாரும் அவருக்காக உயிரையே கொடுக்கக்கூடியவர்கள். அன்புக்குக் குறைவில்லை. முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு விஷயம்தான் எங்களிடம் இல்லை.

இத்தனைக்கும் எங்கள் ஊரைவிடப் பாம்பை அதிகம் நினைக்கிற ஊர் எது? சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களின் கதையில் நிற்கிறது சங்கரநாராயணர் கோயில். பிரசாதமே புற்றுமண். தகட்டில் அடித்த பாம்பையும் தேளையும் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, இனி விஷம் தீண்டாது என்று நம்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது பாதுகாப்பு அன்று, பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. நிம்மதி வந்தவன் டார்ச் லைட்டைத் தேடமாட்டான், கட்டில் வாங்கமாட்டான், மருந்து எங்கே என்று கேட்டு வைக்கமாட்டான். திறந்த காயத்தில் மண்ணை அப்பினால் டெட்டனஸ் கிருமியும் உள்ளே போகலாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தருவதும் இல்லை.

“சாமியையும் கும்பிடுகிறோம், ஆஸ்பத்திரிக்கும் போகிறோம், இதில் என்ன கெட்டது?” என்று கேட்பார்கள். அந்த விடியற்காலையில் முதலில் நீண்ட கை எதை எடுத்தது? மண்ணைத்தான்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024-இல்தான் தமிழ்நாடு அரசு ஒவ்வொரு பாம்புக்கடியையும் மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றது. கணக்கு வந்தால்தான் எந்த ஊருக்கு எத்தனை குப்பி மருந்து என்று முன்கூட்டி அனுப்பமுடியும்.

அந்தக் குப்பிக்குப் பின்னால் எவ்வளவு வேலை! செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினர் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். முகம் தெரியாத ஒருவரைக் கடிக்கப்போகும் பாம்புக்கு எதிராக, மாசக்கணக்கில் முன்பே, ஓர் இருளரின் கை வேலை செய்திருக்கிறது. ஆயத்தம் என்றால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.

நமக்கு முன்னேற்பாடு தெரியாது என்றும் சொல்லமுடியாது. கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இந்த ஊர் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். பந்தல், குடிதண்ணீர், சிறப்புப் பேருந்து, போலீஸ் பந்தோபஸ்து, எல்லாம் முன்கூட்டியே பேசி முடிவாகிறது. கோமதி அம்மன் தபசுக்கு எழுந்தருளும் நேரத்தில் எதையும் தேடி ஓடுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை தெய்வத்துக்குச் செய்யத் தெரிந்ததை, தினமும் தரையில் படுக்கிற மனுஷனுக்கு ஏன் செய்யமாட்டோம்? கடித்த காலை அசைக்காமல் கட்டையோடு சேர்த்து வைக்கவேண்டும், இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, 108-க்கு உடனே போன் போடவேண்டும் என்ற நாலு வரியை அந்தத் தகடு விற்கிற கடைகளுக்கு எதிரிலேயே எழுதிவைத்தால் கோமதி அம்மன் கோபித்துக்கொள்வாளா?

அண்ணன் பிழைத்தார். நாலு நாள் செயற்கை மூச்சில் கிடந்தார். இப்போது அவர் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் ஆணியில் ஒரு டார்ச் தொங்குகிறது. பக்கத்தில் சுவரிலேயே கரிக்கட்டையால் ஆஸ்பத்திரி பெயரும் போன் நம்பரும். மழைக்காலம் பிறந்தால் பேட்டரியைக் கழற்றிப் புதுசு போடுவது ஆறாம் வகுப்பு படிக்கிற மகள். போன வாரம் போயிருந்தபோது டார்ச்சை அடித்துக் காட்டினாள். பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையால் மறைத்து, உள்ளங்கை சிவப்பாகத் தெரிகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள்.