அறிதலும் நிற்றலும்

நேர்மை இன்னதென்று அறிந்தவன் நேர்மையாக நடப்பான் என நாம் நம்புகிறோம். பள்ளிகளில் நன்னெறி கற்பிப்பதும் அந்நம்பிக்கையால்தான். ஆயின், அறிவும் ஒழுக்கமும் அத்துணை இறுகப் பிணைந்தவைதாமா?

மனிதனின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஒருபுறம் சாய்வன என்பதை டானியல் கானமன், ஏமோஸ் துவர்ஸ்கி ஆகிய உளவியலறிஞர் இருவர் 1974ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினர். இச்சாய்வை மனக்கோட்டம் எனலாம். மூளையில் முடிவுகள் உருவாகும் விதத்தை ஆராய 1985இல் ஒரு புதிய வழி பிறந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தனி பார்க்கரும் அவர்தம் குழுவினரும் அமைத்த கருவி, தலைமேல் வைத்த கம்பிச்சுருளின் வழியே காந்தத் துடிப்புகளைச் செலுத்துவது. மண்டையைத் திறவாமலே மூளையின் ஒரு பகுதியைத் தூண்டவும், சிறிது நேரம் அதன் செயலைத் தளர்த்தவும் இம்முறை உதவுகிறது.

இம்முறையைக் கொண்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழக அறிஞர்களான டாரியா நோக், எர்ன்ஸ்ட் ஃபேர் முதலியோர் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. 20 பிராங்கை ஒருவர் பங்கிடுவார். மற்றவர் தம் பங்கை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. தமக்கு 16 வைத்துக்கொண்டு 4 மட்டும் நீட்டுபவரிடம், 'வேண்டா' என்று மறுப்பவர் பலர். கைக்கு வந்ததை விடுவதே மனக்கோட்டம் என்பாரும் உளர். அநீதிக்குத் துணைபோகாத தன்மானம் அது என்பாரும் உளர்.

மூளையின் வலப்புற முன்பகுதியைத் துடிப்புகளால் தளர்த்தியபோது, அற்பப் பங்கை ஏற்றவர் தொகை மிகுந்தது. இடப்புறத்தைத் தளர்த்தியபோது அவ்வாறு நேரவில்லை. வியப்பு யாதெனில், பணத்தை ஏற்றவர்களும் 'இப்பங்கீடு நேர்மையற்றது' என்றே கூறினர். அறிவு அசையவில்லை, அவ்வறிவின்வழி நிற்கும் உறுதியே தளர்ந்தது.

அங்ஙனமாயின் மனிதன் வெறும் தசைப்பொம்மைதானா? அவன் செயலுக்கு அவன் பொறுப்பில்லையா? ஓர் ஆய்வைக் கொண்டு இப்பெருவினாவை முடித்துவிடல் ஆகாது. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காலைக் கட்டினால் நடை நின்றுவிடும். அதனால் நடப்பவன் ஒருவன் இல்லை என்று ஆகிவிடுமா? காலின்றி நடையில்லை என்பதே பெறப்படும். அதுபோல, ஆசையை அடக்கி நேர்மையில் நிற்பதற்கும் உடலில் ஓர் உழைப்பு உண்டென்பதையே இவ்வாய்வு உணர்த்துகிறது. உழைப்பு எனின், அதற்குப் பயிற்சியும் வேண்டுமன்றோ?

கற்றலையும் கற்றவழி நிற்றலையும் வள்ளுவர் தனித்தனியே வலியுறுத்தினார். நாமோ முன்னதற்கு மட்டும் மதிப்பெண் இடுகிறோம். நேர்மைக்கு அழகிய விளக்கம் எழுதும் மாணவன், வகுப்பில் நேர்மைக்காகச் சிறு இழப்பை ஏற்கும் வாய்ப்பையும் பெறுதல் வேண்டும். அறிந்ததில் நிற்கும் வலிமையை விளக்கவுரைகள் தாரா. நின்று பழகுதலே தரும்.